மருந்து வந்தது, சோறு எங்கே?

"அண்ணே, இந்த மாத்திரையை முழுங்கினா பசி எடுக்குது. பசிக்கு எதை முழுங்கறது?"

ஆரணியில் ஒரு தறிக்காரத் தோழர் என்னிடம் கேட்ட கேள்வி இது. நாற்பது வயதுகூட ஆகாதவர். குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்பவர். அவருக்குக் காசநோய். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரையை மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டு, அவருக்குப் புத்தி சொல்வதற்காகப் போயிருந்தேன்.

நடந்தது இதுதான். மாத்திரை வேலை செய்தது. காய்ச்சல் விட்டது, இருமல் குறைந்தது. தேறத் தொடங்கிய உடம்பு சோறு கேட்டது. வீட்டில் ஐந்து பேர். தறி நின்று இரண்டு மாதம் ஆகிறது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் தலைக்கு மேல் நிற்கிறது. அவர் தட்டில் ஒரு பிடி கூடினால் பிள்ளைகள் தட்டில் ஒரு பிடி குறையும். ஆகவே பசியைக் கிளப்பும் மாத்திரையையே அவர் நிறுத்திவிட்டார். புத்தி சொல்லப் போன நான், புத்தி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

தோழர்களே! பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். டாக்டரும் அல்ல, விஞ்ஞானியும் அல்ல. ஆனால் இந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் பதில் சொல்லியிருக்கிறது. அந்தப் பதில் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியானதல்ல. நமது சென்னையில் உள்ள ஆராய்ச்சி நிலையம், நம்மைப் போன்ற ஏழைகளின் உடம்பிலிருந்தே கண்டுபிடித்துச் சொன்னது. அந்தக் கதையைப் பாட்டாளி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அவசியம்.

பட்டுப்புழு சொல்லித் தந்த பாடம்

நோய்க்கும் கிருமிக்கும் உள்ள உறவை உலகத்துக்கு விளக்கியவர்களில் முதன்மையானவர் பிரான்சு நாட்டு லூயி பாஸ்டர். அவர் பட்டுக்காரர்களுக்குக் கடன்பட்டவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1865ம் ஆண்டில் தெற்குப் பிரான்சில் பட்டுப்புழுக்கள் கொள்ளை நோயில் மடிந்துகொண்டிருந்தன. பட்டுத் தொழிலே நாசமாகும் நிலை. பாஸ்டர் அங்கே சென்று சில ஆண்டுகள் ஆராய்ந்தார். முட்டையிட்ட தாய்ப்பூச்சியை நசுக்கிப் பூதக்கண்ணாடியில் பார், நோய்த்துகள் இருந்தால் அந்த முட்டைகளை அழித்துவிடு, இல்லையென்றால் வளர்க்கலாம் என்று வழி சொன்னார். தொழில் பிழைத்தது. இன்றைக்கும் நமது நாட்டில் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் இடங்களில் தாய்ப்பூச்சியை இப்படிச் சோதித்துத்தான் முட்டை கொடுக்கிறார்கள்.

பின்னர் 1882ம் ஆண்டு மார்ச் 24ந் தேதி, ஜெர்மானிய டாக்டர் ராபர்ட் காக் பெர்லின் நகரில் காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். பரம்பரைச் சாபம், முன்வினைப் பயன் என்றெல்லாம் சொல்லப்பட்டுவந்த நோய், காற்றில் பரவும் ஒரு கிருமியின் வேலை என்று அம்பலமாயிற்று.

ஆனால் பட்டு வளர்ப்பவனுக்கு இன்னொரு விஷயமும் தெரியும். பூச்சியைச் சோதித்துவிட்டால் மட்டும் போதாது. புழுவுக்கு வேளை தவறாமல் இலை போட வேண்டும். இலை குறைந்தால் புழு நோஞ்சானாகும், நோய் பிடிக்கும், கூடு கட்டாது. ஆகவே புழுவுக்கு இலையை அளந்து போடுகிறார்கள். அந்தப் புழு கட்டிய கூட்டிலிருந்து வந்த நூலை நெய்கிறவனுக்கு அளந்து போடுவது யார்?

சேத்துப்பட்டில் நடந்த சோதனை

1950களில் காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஆனால் அன்றைய வைத்திய உலகின் அபிப்பிராயம் என்ன? நோயாளி ஊருக்கு வெளியே சானடோரியத்தில் படுக்க வேண்டும், நல்ல காற்று, பூரண ஓய்வு, பால், முட்டை, இறைச்சி எல்லாம் வேண்டும் என்பதே. நம் நாட்டிலோ நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. படுக்கை கிடைக்காதவன் கதி என்ன?

இந்தக் கேள்விக்கு விடை காண 1956ம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இடம் சேத்துப்பட்டு. நமது ஆரணிக்குத் தெற்கே உள்ள சேத்துப்பட்டு அல்ல, சென்னை நகரத்துச் சேத்துப்பட்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து நடத்தின. பிரிட்டிஷ் டாக்டர் வாலஸ் பாக்ஸ் ஆரம்ப ஆண்டுகளில் தலைமை வகித்தார்.

சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சேர்த்தார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை டாக்டர் விருப்பப்படியோ நோயாளி விருப்பப்படியோ வைக்காமல், குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஏன் குலுக்கல்? தேறக்கூடியவர்களாகப் பார்த்து ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டால் முடிவு பொய்யாகிவிடும் அல்லவா? ஆகவே 96 பேர் வீட்டில், 97 பேர் சானடோரியத்தில். இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு காலம். மாதந்தோறும் சளியைச் சோதித்தார்கள். வீட்டிலிருப்பவர் மருந்தை உண்மையில் சாப்பிடுகிறாரா என்று அறியச் சொல்லாமல் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள்.

சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், ஓய்வெடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் குடிசை நெரிசலில் கிடைத்ததைத் தின்றார்கள், பலர் வேலைக்கும் போனார்கள். ஆண்டு முடிவில் சானடோரியத்தில் 92 சதவிகிதம் பேருக்கும், வீட்டில் 86 சதவிகிதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. 1959ம் ஆண்டில் இந்த முடிவு வெளியானபோது உலகத்து வைத்தியர்கள் வியந்தார்கள். நோயாளி வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டால் குடும்பத்தாருக்கு அதனால் அதிகமாக நோய் தொற்றுவதில்லை என்பதும் தெரிந்தது. தொற்றுவதெல்லாம் பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது.

இந்த ஒரு சோதனை உலகத்தின் வழக்கத்தை மாற்றியது. நாடு நாடாகச் சானடோரியங்கள் மூடப்பட்டு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் முறை பரவியது. இன்று உலகத்தில் எந்தப் பணக்கார நாட்டு நோயாளி வீட்டில் இருந்தபடியே குணமானாலும், அதற்குப் பின்னால் சென்னைக் குடிசைவாசிகள் கொடுத்த சளியும் சிறுநீரும் ரத்தமும் இருக்கின்றன. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

அதே நிலையம் வேண்டாத உண்மையையும் மறைக்காமல் சொன்னது. 1968ம் ஆண்டு முதல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூர் வட்டாரத்துக் கிராமங்களில் சுமார் 2,60,000 பேருக்குப் பி.சி.ஜி. தடுப்பூசியோ மருந்தில்லாத வெறும் ஊசியோ போட்டு ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் போன்ற கொடிய வகைகளுக்கு அது காப்பு என்பதால் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள், போடத்தான் வேண்டும். ஆனால் ஓர் ஊசியைக் காட்டி, பிரச்னை தீர்ந்தது என்று ஜனங்களை ஏமாற்ற முடியாது என்பதைச் சொன்னதும் விஞ்ஞானம்தான்.

மருந்து ஏன் மலிவாயிற்று?

சேத்துப்பட்டில் கொடுத்த மருந்துகளில் முக்கியமானது ஐசோனியசிட். அது 1912ம் ஆண்டிலேயே பிராக் நகரில் இரண்டு ரசாயன ஆராய்ச்சியாளர்கள் தயாரித்த பொருள். அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்பது நாற்பது வருடம் கழித்து, 1950களின் தொடக்கத்தில்தான் தெரிந்தது. மூன்று பெரிய கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அதைக் கண்டுகொண்டன. ஆனால் பழைய பொருள் ஆதலால் எந்தக் கம்பெனியாலும் அதற்குக் காப்புரிமை வாங்க முடியவில்லை. யாருக்கும் சொந்தமில்லை, ஆகவே எல்லாருக்கும் கிடைத்தது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. பழைய மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்குப் பெடாகுவிலின் என்ற மருந்து வந்தது. உரிமை ஜான்சன் அண்டு ஜான்சன் கம்பெனியிடம். மூல உரிமைக் காலம் 2023 ஜூலையில் முடிவதாக இருந்தது. மருந்தின் உப்பு வடிவத்துக்குப் புதிய உரிமை கேட்டு ஏகபோகத்தை மேலும் சில ஆண்டுகள் நீட்டிக்கக் கம்பெனி முயன்றது. எதிர்த்து மனுக் கொடுத்தவர்களில் இருவர் காசநோயோடு போராடிப் பிழைத்த பெண்கள்: நம் நாட்டு நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலே. நோய்க்குக் கொடுத்த மருந்துகளின் விளைவாக இருவரும் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் கம்பெனியின் கோரிக்கையை நிராகரித்தது. நோயாளிகள் எழுந்து நின்றால் ஏகபோகமும் பின்வாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஜார்க்கண்ட் சொன்ன விடை

இப்போது தறிக்காரத் தோழரின் கேள்விக்கு வருவோம்.

1956ம் வருடத்துச் சோதனையிலிருந்து ஆட்சியாளர்கள் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அரைவயிற்றுக்காரனும் மருந்தால் குணமாகிறான் என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு, மாத்திரை கொடுத்தால் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள். ஆனால் மருந்து குணப்படுத்துவது ஏற்கெனவே விழுந்தவனை. அந்த வீட்டில் அடுத்தவன் விழாமல் தடுப்பது எது? இங்கிலாந்தில் மருந்து வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே காசநோய்ச் சாவு குறைந்துகொண்டுவந்தது. அந்தக் காலத்தில் அங்கே ஜனங்களின் சாப்பாடும் குடியிருப்பும் மேம்பட்டுவந்தன. அப்படியானால் சோறும் ஒரு மருந்தா?

இதைச் சோதிக்கும் பொறுப்பையும் அதே சேத்துப்பட்டு நிலையமே ஏற்றது. இன்று அதன் பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம். டாக்டர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா முதலியோர் ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 2019 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கினார்கள். சோதனையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சந்தால், ஹோ, முண்டா முதலிய ஆதிவாசி மக்கள். 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் மருந்தோடு உணவுப் பொருளும் கொடுத்தார்கள். வீட்டாரைப் பொறுத்தவரை குலுக்கல். ஒரு சாராருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. மறு சாராருக்கு வழக்கம்போல.

2022 ஜூலை வரை கவனித்தார்கள். 2023 ஆகஸ்டில் முடிவு வெளியாயிற்று. உணவு பெறாத வீட்டார் 4,724 பேரில் 122 பேருக்குக் காசநோய் வந்தது. உணவு பெற்ற வீட்டார் 5,621 பேரில் 96 பேருக்கு வந்தது. ஆயிரத்துக்கு 26 என்பது ஆயிரத்துக்கு 17 ஆக இறங்கியது. முறைப்படி கணக்கிட்டால் காசநோய் 39 சதவிகிதம் குறைந்தது. பிறருக்குத் தொற்றக்கூடிய நுரையீரல் காசநோயோ ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. எந்த ஊசியால்? எந்தப் புதிய கண்டுபிடிப்பால்? அரிசியாலும் பருப்பாலும்!

நோயாளிகளைப் பற்றியும் ஓர் உண்மை தெரிந்தது. சோதனைக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள். முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவிகிதம் கூடியவர்களுக்குச் சாவின் அபாயம் 61 சதவிகிதம் குறைவாக இருந்தது. தறிக்காரத் தோழரின் பசி, பிழைக்க விரும்பிய உடம்பின் குரல். அதைத்தான் அவர் அடக்கிக்கொண்டார்.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: "ஒரு சாராருக்குச் சோறு கொடுத்து, மறு சாராருக்குக் கொடுக்காமல் சோதிப்பது என்ன நியாயம்?" நியாயமான கேள்வி. ஆனால் கொடுக்கப்படாதவர்களின் நிலை, நாடு முழுதும் உள்ள லட்சோப லட்சம் ஏழை வீடுகளின் அன்றாட நிலைதான். அந்த நிலையை உண்டாக்கியவர்கள் விஞ்ஞானிகள் அல்ல. விடை தெரியாத காலத்தில் சோதனை செய்வது அறிவைத் தேடும் வேலை. விடை தெரிந்த பிறகும் சோறு கொடுக்காமல் இருப்பதுதான் குற்றம்.

ஆரணியில் கணக்குப் போடுவோம்

காசநோயை 2025க்குள் ஒழித்துவிடுவோம் என்று மத்திய சர்க்கார் 2018ல் அறிவித்தது. 2024ம் ஆண்டில்கூட இந்தியாவில் 25 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இந்நோய் வந்தது. சுமார் 3 லட்சம் பேர் மாண்டார்கள். உலகத்து நோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியர்.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். மருந்து இலவசம். 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் உணவுக்கென்று தருகிறார்கள். தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், மிகவும் மெலிந்து ஆபத்தான நிலையில் வருகிறவர்களை முதல் நாளே இனம் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை.

ஆனால் ஆயிரம் ரூபாய் நோயாளி ஒருவருக்கு. வீட்டாருக்கு? நன்கொடையாளர்கள் உணவுக்கூடை கொடுக்கும் ஏற்பாடு 2022ல் வந்தது, பின்னர் அதைக் குடும்பத்தாருக்கும் விரிவாக்கினார்கள். கொடுக்கும் கைகளை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தர்மம் இந்த மாதம் வரும், அடுத்த மாதம் வராது. உரிமை அப்படியல்ல.

தறிக்காரத் தோழர் வீட்டுக்கே கணக்குப் போடுவோம். அவர் நீங்கலாக நான்கு பேர். ஜார்க்கண்ட் அளவுப்படி அவர்களுக்கு மட்டும் மாதம் 20 கிலோ அரிசியும் 6 கிலோ பருப்பும் வேண்டும். நமது ரேஷன் கடையில் அரிசி இலவசம், அது பெரிய காரியம். ஆனால் பருப்பு? ஒரு அட்டைக்கு மாதம் 1 கிலோ. மீதியைக் கடையில் வாங்கத் தறி ஓட வேண்டும். தறி ஓட வேண்டுமானால் நெய்கிறவன் உட்கார வேண்டும். அவனோ படுத்திருக்கிறான்.

அரிசி மூட்டை லாரி லாரியாக ஏறிப் போகிற ஊர் ஆரணி. நாற்று நட்டவள் விவசாயக் கூலி. நெல்லை அவித்து அரைத்தவன் ஆலைத் தொழிலாளி. கல்யாணப் பட்டை நெய்தவன் தறிக்காரன். மூவர் வீட்டிலும் நோய் வந்தால் சட்டம் ஒரே மாதிரி பார்க்கிறதா? இ.எஸ்.ஐ. திட்டத்துக்கு உட்பட்ட ஆலைத் தொழிலாளிக்குக் காசநோய் வந்தால், விதிகள் பொருந்தும்போது, கூலியில் 80 சதவிகிதம் வரை இரண்டு ஆண்டுகள் பெற வழி உண்டு. அது தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்ற பாதுகாப்பு. வீட்டுத் தறிக்காரனுக்கும் விவசாயக் கூலிக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. ஆலைத் தோழர்களே, உங்கள் ஆலையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா, உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே கேளுங்கள்.

நமது கோரிக்கைகள்

ஒன்று: காசநோயாளி வீட்டில் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு. வழக்கமான ரேஷனுக்கு மேல், ரேஷன் கடை மூலமாகவே, சர்க்கார் பொறுப்பில் கொடுக்கப்பட வேண்டும்.

இரண்டு: சிகிச்சை நடக்கும் ஆறு மாதத்துக்கும் கைத்தறி நெசவாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் கூலி இழப்பீடு வேண்டும்.

மூன்று: மருந்துக் கையிருப்பு ஒரு நாளும் தீரக்கூடாது. 2024 தொடக்கத்தில் பல மாநிலங்களில் ஏற்பட்ட தட்டுப்பாடு மறுபடி வரக்கூடாது.

நான்கு: பொதுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பணமும் ஆட்களும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். அரிசியையும் பருப்பையும் சோதித்துப் பார்க்க எந்த மருந்துக் கம்பெனியும் முன்வராது. அதில் லாபம் இல்லை.

நமக்கும் கடமை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதிக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களும் சோதித்துக்கொண்டு, டாக்டர் சொன்னால் தடுப்பு மாத்திரையும் சாப்பிட வேண்டும். மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் கிருமி பலம் பெற்றுத் திரும்பும். நோயாளியை ஒதுக்கி வைப்பது அறியாமை. அவன் மருந்து சாப்பிடும்படி பார்த்துக்கொள்வதுதான் தெருவுக்கே காப்பு. தறித் தெருவிலும் ஆலை வாசலிலும் சேரியிலும் இதைச் சொல்வது சங்கத்தின் வேலை.

அந்தத் தோழர் மறுபடி மருந்து தொடங்கினார். தெருக்காரர்களும் சங்கத் தோழர்களும் ஆளுக்குக் கொஞ்சம் அரிசி பருப்பு சேர்த்துக் கொடுத்தோம். டாக்டர் ஆரம்பத்திலிருந்து கணக்கு வைத்து முழுக் காலமும் சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டு முடித்தார். இன்று தறியில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அதற்குள் அவருடைய மூத்த மகளுக்கு நோய் கண்டுவிட்டது. பதினாறு வயதுப் பெண். தந்தை தட்டுக்குப் போட்டதெல்லாம் தன் தட்டிலிருந்து எடுத்தது என்று அவள் தாய் சொன்னாள்.

மாத்திரைக்கு மேல் மாதம் ஆறு கிலோ பருப்பு அந்த வீட்டுக்கு வந்திருந்தால் அந்தப் பெண் தப்பியிருப்பாளா? ஒருத்தியைப் பற்றி உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் பத்தாயிரம் பேரைக் கவனித்த கணக்கு நம்மிடம் இருக்கிறது. விஞ்ஞானிகள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். ஏழைகளும் தங்கள் உடம்பைக் கொடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பது கொடுக்க வேண்டியவர்கள் கொடுப்பது. கொடுக்கும்வரை கேட்போம், ஒன்றுசேர்ந்து கேட்போம்.